சுவருக்கு நிறம் கடைசியில்: மதுரை வீடுகளுக்கு ஓர் உள் அலங்கார நிற வழிகாட்டி

வீட்டு வேலை முடியும் தறுவாயில் பெயிண்ட் கடைக்குப் போய், ஷேட் கார்டைப் புரட்டி, "ஹாலுக்கு இது, பெட்ரூமுக்கு அது" என்று விரல் வைத்துவிட்டு வருவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அதற்குப் பிறகு சோபா வரும், திரைச்சீலை வரும், கப்போர்டின் மேல் ஒட்டும் மைக்கா ஷீட் வரும். தனித்தனியாகப் பார்த்தால் எல்லாம் அழகு. ஒரே அறைக்குள் சேர்ந்ததும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும். இங்கே பிசகுவது வரிசை.

ஒரு பெயிண்ட் கம்பெனியின் முழு ஷேட் கார்டில் ஆயிரத்துக்கு மேல் நிறங்கள் உண்டு. பட்ஜெட்டுக்குள் வரும் தரை டைலில் நான்கைந்து நிறம்தான் தேறும். தேக்கு அதன் நிறத்தில்தான் வரும். அதனால் குறைவாகக் கிடைப்பதை முதலில் முடிவு செய்யுங்கள், தாராளமாகக் கிடைப்பதைக் கடைசிக்கு வையுங்கள். தரை, கதவு மரம், கிரானைட் முதலில். பிறகு பெரிய சாமான்கள். அதன் பிறகு துணி. சுவர் கடைசி. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது: வெளிச்சத்தைப் பார்ப்பது.

வெளிச்சக் கணக்கு

ஒரு நாள் ஒதுக்கி, காலை 9, மதியம் 1, மாலை 5, இரவு 8 மணிக்கு ஒவ்வொரு அறையிலும் நின்று பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். வெயில் நேராக விழுகிறதா, எந்தச் சுவரில் விழுகிறது, வெளியிலிருந்து ஏதாவது நிறம் உள்ளே அடிக்கிறதா, எந்த நேரத்தில் லைட் போட வேண்டியிருக்கிறது என்ற நான்கு விஷயங்கள் போதும்.

"வடக்கு அறையில் வெயிலே வராது" என்று படிப்பதெல்லாம் குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியது. மதுரை பூமத்திய ரேகைக்கு வடக்கே 10 பாகைக்குள் இருக்கிறது. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சி வெயிலே நமக்கு வடக்குப் பக்கம் சாய்ந்துதான் நிற்கும். அக்னி நட்சத்திர நாட்களில் காலையும் மாலையும் வடக்கு ஜன்னலில் சாய்வாக வெயில் வரும். மார்கழி, தையில் இது தலைகீழாகி, தெற்கு ஜன்னல் வழியே வெயில் தரையில் நீளமாகப் படுக்கும். வடக்கு அறைக்கு இதமான கிரீம், தெற்கு அறைக்குக் குளிர்ந்த சாம்பல் என்ற சூத்திரத்தை அப்படியே எடுக்காதீர்கள். மற்ற மாதங்களில் வடக்கு வெளிச்சம் சீராக, சற்று நீலம் கலந்து இருப்பது உண்மைதான். நீலம் கலந்த சாம்பலை அங்கே பூசினால் சோகை பிடித்த மாதிரி தெரியும்.

உண்மையில் நம் ஊரில் கவலைப்பட வேண்டிய திசை மேற்கு. மதியம் 2 மணிக்கு ஆரம்பிக்கும் வெயில் 6 மணி வரை விடாது, போகப் போக ஆரஞ்சாக மாறும். மேற்கு ஜன்னல் உள்ள அறையில் மாம்பழ மஞ்சளோ பீச்சோ பூசினால் ஐந்து மணிக்கு அறையே தகிப்பது போலத் தோன்றும், உட்கார முடியாது. அங்கே சாம்பல் கலந்த பச்சை, மங்கிய நீலப்பச்சை, மஞ்சள் அதிகமில்லாத வெள்ளை ஆகியவை நிதானமாக நிற்கும். கிழக்கு அறைக்குக் காலை பத்து மணிக்குள் நல்ல வெளிச்சம் முடிந்துவிடும். மீதி நாளுக்கும் உயிர் வேண்டும் என்பதால் கொஞ்சம் இதமான நிறம் தாங்கும்.

மாசி வீதி, ஆவணி மூல வீதி, வெளி வீதிகளை ஒட்டிய சந்துகளில் வீடுகள் இரு பக்கமும் பக்கத்து வீட்டோடு ஒட்டியே இருக்கும். முகப்பு குறுகல், உள்ளே நீளம். முன்வாசல், கொல்லை, நடுவில் முற்றமோ மேலே ஒரு கண்ணாடி ஓட்டையோ இருந்தால் அது. இவ்வளவுதான் வெளிச்சம். இருட்டாக இருக்கும் நடு அறைக்குப் பளீர் வெள்ளை அடித்தால் வெளிச்சம் வந்துவிடும் என்று நினைப்பார்கள். வெள்ளைக்குத் திருப்பியடிக்க வெளிச்சம் வேண்டும். அது இல்லாத இடத்தில் வெள்ளை அழுக்குச் சாம்பலாகத்தான் தெரியும். 1636-இல் எழும்பிய திருமலை நாயக்கர் மகாலில் அந்த வெளிர் சுதைத் தூண்கள் அப்படி நிற்பதற்கு, நடுவே திறந்து கிடக்கும் முற்றமும் ஒரு காரணம். உங்கள் நடு அறையில் அது கிடையாது. அங்கே சந்தனம், வெளிர் பாதாம் மாதிரி லேசான இதமுள்ள நிறமும் நல்ல விளக்கும் சேர்ந்தால்தான் வேலை நடக்கும்.

கே.கே. நகர், திருநகர், திருப்பாலை மாதிரி மனைப் பிரிவுகளில் பிரச்சினை வேறு. பக்கத்து வீட்டுச் சுவர் சில அடி தூரத்தில்தான் இருக்கும். அவர்கள் வெளிச்சுவருக்குக் கிளிப்பச்சை அடித்திருந்தால், மதிய வெயில் அதில் பட்டு உங்கள் படுக்கையறைக்குள் பச்சையாகத்தான் வரும். உங்கள் வெளிர் ரோஸ் சுவர் அந்த நேரத்தில் மண் நிறமாகிவிடும். பெயிண்டைக் குறை சொல்வதற்கு முன் ஜன்னலைத் திறந்து எதிரே என்ன நிறம் என்று பாருங்கள். பச்சை, நீலச் சாயம் ஏற்றிய ஜன்னல் கண்ணாடியும் இதே வேலையைச் செய்யும். கொசுவலை அடித்த ஜன்னலில் வெளிச்சம் இன்னும் குறையும்.

இரவில் ஆட்சி பல்புக்கு. கடைகளில் அதிகம் விற்கும் வெள்ளை எல்.இ.டி. 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு; எண் கூடினால் நீலம், குறைந்தால் மஞ்சள்), நீலம் தூக்கலாக இருக்கும். அதில் சந்தன நிறம் வெளிறும், எலுமிச்சை மஞ்சள் பச்சையாகும், செங்கல் நிறம் மங்கிக் காப்பிப்பொடி ஆகும். 2700 முதல் 3000 கெல்வின் வரை மஞ்சள் வெளிச்சம்: மரமும் காவியும் அதில் பொலியும், நீலச் சாம்பல் கொஞ்சம் சாணிப் பச்சைக்குப் போகும். ஹாலுக்கு 4000 கெல்வின் நடுநிலையானது. எதைப் போடப் போகிறீர்கள் என்று முடிவு செய்த பிறகே நிறம் தேர்ந்தெடுங்கள். ஒரே அறையில் இரண்டு வகையைக் கலக்காதீர்கள்.

தரையின் அடிநிறம்

"கிரீம் டைல்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அதில் மஞ்சள் கிரீம், ரோஸ் கிரீம், சாம்பல் கிரீம் என்று குறைந்தது மூன்று இருக்கிறது. இந்த உள்ளே ஒளிந்திருக்கும் அடிநிறம் ஒத்துப்போகவில்லை என்றால், எந்தச் சுவர் நிறமும் பக்கத்தில் அழுக்காகத் தெரியும். பெரும்பாலான வீடுகளில் "என்னவோ சரியில்லை, என்னவென்று சொல்லத் தெரியவில்லை" என்பதன் மூலம் இதுதான்.

கண்டுபிடிக்க வழி எளிது. பகல் வெளிச்சத்தில் டைலின் மேல் ஒரு வெள்ளை ஏ4 தாளை வையுங்கள். தனியாகப் பார்க்கும்போது வெள்ளையாகத் தெரிந்த டைல், தாளின் ஓரத்தில் தன் நிறத்தைக் காட்டிவிடும். மஞ்சளா, ரோஸா, பச்சையா, நீலமா என்று எழுதிக்கொள்ளுங்கள். கதவு மரம், கிரானைட், சோபா துணி என்று வீட்டில் மாறாமல் இருக்கப்போகும் ஒவ்வொன்றுக்கும் இதையே செய்யுங்கள். சுவர் நிறத்தின் துண்டையும் பிறகு இப்படித்தான் சோதிக்க வேண்டும். மஞ்சள் அடிநிறமுள்ள டைலுக்கு மஞ்சள் சாய்ந்த வெள்ளை, சாம்பல் டைலுக்குச் சாம்பல் சாய்ந்த வெள்ளை. ரோஸ் அடிநிறத் தரைக்கு மஞ்சள் கிரீம் சுவர் வைத்தால் இரண்டும் கெடும்.

மேலூர் பக்கம் எடுக்கிற வெளிர் கிரானைட்டில் கருஞ்சிவப்புப் புள்ளிகள் கலந்து வருவது உண்டு. அந்தப் புள்ளியின் நிறத்தைக் குஷனுக்கோ திரைச்சீலைக் கரைக்கோ எடுத்துக்கொள்ளுங்கள், சுவருக்கு வேண்டாம். ஆத்தங்குடி டைல் போட்டிருந்தால் இது இன்னும் முக்கியம். கண்ணாடித் தட்டின் மேல் நிறம் கலந்த சிமெண்டை வார்த்துக் கையால் செய்கிற அந்தக் கற்களில் சிவப்பு, மஞ்சள், பச்சை, கறுப்பு எல்லாமே கூடியிருக்கும். பூவேலை உள்ள தரைக்குச் சுவர் வெறுமையாக இருக்கட்டும். டைலின் பின்னணி நிறத்தை இரண்டு படி வெளிறச் செய்து சுவருக்குக் கொடுங்கள். தரையில் இருக்கிற பளிச்சென்ற சிவப்பை "மேட்ச்" என்று சுவரில் ஏற்றினால் தரை செத்துவிடும்.

சிவப்பு ஆக்சைடு தரை உள்ள பழைய வீடுகளில் வெயில் தரையில் பட்டு, வெள்ளைச் சுவரின் கீழ் மூன்று நான்கு அடி ரோஸாகத் தெரியும். அதைத் திருத்தப் பார்க்காதீர்கள், அழகுதான். அதோடு மோதும் நீல வெள்ளையைத் தவிர்த்தால் போதும். முன்பு சுண்ணாம்பில் நீலம் கலந்து அடித்தபோது சுண்ணாம்பின் மெல்லிய பழுப்பு அதை ஈடுகட்டியது. இன்றைய பெயிண்ட் வெள்ளையில் அந்தப் பழுப்பு இல்லை.

எத்தனை நிறம், எவ்வளவு பரப்பு

60, 30, 10 என்ற பங்கீடு எல்லோரும் சொல்வது: அறையில் முதன்மை நிறம் 60 சதவீதம், துணை நிறம் 30, எடுப்பு நிறம் 10. பலரும் இதைச் சுவருக்கு மட்டும் கணக்குப் போட்டு, ஒரு அறையில் மூன்று நிறம் அடித்துவிடுகிறார்கள். அறை முழுவதையும் அளந்து பாருங்கள்.

12க்கு 15 அடி ஹால், உயரம் 10 அடி. நான்கு சுவரும் 540 சதுர அடி, தரை 180, கூரை 180. மொத்தம் 900. மூன்றரைக்கு ஏழு அடியில் மூன்று கதவு என்றால் 73 சதுர அடி. தரையும் தேக்குக் கதவுகளும் சேர்ந்தாலே 253, அதாவது 28 சதவீதம். துணை நிறத்தின் பங்கு நீங்கள் பெயிண்ட் கடைக்குப் போவதற்கு முன்பே தீர்ந்துவிட்டது. ஐந்தடி அகல ஜன்னல் இரண்டுக்கு ஏழடி நீளத் திரைச்சீலை போட்டால் 70 சதுர அடி, கிட்டத்தட்ட 8 சதவீதம். எடுப்பு நிறமும் அங்கேயே முடிந்தது. மிச்சமிருக்கும் சுவருக்கும் கூரைக்கும் ஒரே குடும்பத்து நிறம் போதும். சோபா வேறு இருக்கிறது, மறக்க வேண்டாம்.

எடுப்பு நிறத்தை எப்படிக் கையாளுவது என்பதற்குச் சுங்குடிச் சேலையை விரித்துப் பார்த்தாலே போதும். அரக்கோ மயில் நீலமோ உடல் முழுக்க ஒரே நிறம், அதன் மேல் ஆயிரக்கணக்கில் வெள்ளைப் புள்ளி, ஓரத்தில் மட்டும் வேறொரு நிறம். புள்ளிகள் எத்தனை இருந்தாலும் சின்னவை, எல்லாம் ஒரே வெள்ளை. அதனால்தான் கண் சலிப்பதில்லை. ஹாலில் பத்துப் பொருளில் பத்து எடுப்பு நிறம் இருந்தால் அது சந்தைக் கடை.

மதுரை வீடுகளில் அடிக்கடி வரும் மூன்று அமைப்புகளுக்கு, மோதாமல் நிற்கிற சேர்க்கைகள் இவை.

மஞ்சள் கிரீம் டைல், தேக்குக் கதவு: சுவர் தந்த வெள்ளை அல்லது வெளிர் சந்தனம். சோபா சாம்பல் பச்சை அல்லது ஆழ்ந்த மயில் நீலம். திரைச்சீலை சுவரைவிட ஒரு படி அடர்த்தி. எடுப்புக்குக் குங்குமச் சிவப்பு, அதுவும் குஷன் அளவில். தேக்கின் ஆரஞ்சுக்கு நேர் எதிர் நீலம், அதனால் மரம் இன்னும் துலங்கும். இங்கே செய்யக்கூடாதது ஆரஞ்சுச் சுவர். கதவு காணாமல் போகும்.

சாம்பல் டைல், வெள்ளை யு.பி.வி.சி. (பிளாஸ்டிக்) ஜன்னல், ஃப்ளஷ் கதவு (வேலைப்பாடு இல்லாத தட்டைக் கதவு): இப்போது பெருகியிருக்கும் அமைப்பு. இதற்கு மேல் சாம்பல் சுவரும் சாம்பல் சோபாவும் போட்டால் ஆஸ்பத்திரி வராந்தா. ஒத்தக்கடையில் ஆனைமலைப் பாறையை மாலை வெயிலில் பார்த்தால் சாம்பலுக்குள் ஒரு பழுப்பு ரோஸ் ஓடும். அந்த மாதிரி இதமான சாம்பலைச் சுவருக்கு எடுங்கள். மரத்தை ஊஞ்சல், டீப்பாய், கால் மிதியடி வழியாகக் கொண்டு வாருங்கள். எடுப்புக்குக் கடுகு மஞ்சளோ செங்கல்லோ.

சிவப்புத் தரை, பழைய மரத் தூண், முற்றம்: சுவர் சுண்ணாம்பு வெள்ளை. சாமான் மரமாகவே இருக்கட்டும். துணியில் பாசிப்பச்சை. இதற்கு மேல் தொடாதீர்கள்.

மரம், மைக்கா, பீரோ

புதுத் தேக்கு இழைத்தவுடன் காட்டும் நிறத்தை நம்பக் கூடாது. பச்சையும் பழுப்புமாகத் திட்டுத்திட்டாக இருக்கும். வெளிச்சம் பட்டுச் சில வாரங்களில் பொன் பழுப்புக்கு வந்து ஒரே சீராகும். அதனால் ஆசாரியிடம் கழிவுத் துண்டு ஒரு அடி கேட்டு வாங்கி, கதவுக்கு அடிக்கப் போகும் அதே பாலிஷைப் போடச் சொல்லி, அந்தத் துண்டை வைத்தே மற்றதைத் தேர்ந்தெடுங்கள். இப்போது நல்ல தேக்கின் மேல் வால்நட் ஸ்டெய்னை ஏற்றிக் கறுக்க வைக்கிறார்கள். ரேகை மறைவதற்கு அவ்வளவு விலை கொடுத்துத் தேக்கு வாங்க வேண்டியதில்லை.

ஒரு அறையில் இரண்டு மர நிறம் தாங்கும், மூன்றாவது இடறும். இரண்டு இருந்தால் நன்றாகவே வித்தியாசப்படட்டும்: தேக்கும் ஈட்டி மரமும் சேரும். தேக்கும் "தேக்கு மாதிரி" மைக்காவும் பக்கத்தில் நின்றால் மைக்காவின் பொய் தெரிந்துவிடும். தேக்குக் கதவுக்குப் பக்கத்தில் வருகிற அலமாரிக்கு மர ரேகை மைக்காவே வேண்டாம். சுவர் நிறத்துக்கு நெருங்கிய ஒற்றை நிறம் கொடுத்தால் பெரிய அலமாரியும் சுவரோடு சுவராக அடங்கும்.

மைக்கா ஷீட் எட்டுக்கு நாலு அடி, 32 சதுர அடி. 8 அடி அகலம், 7 அடி உயர அலமாரிக்குப் பதினாறு அங்குலத்தில் ஆறு கதவு. ஒரு ஷீட்டில் மூன்று கதவு எழும், ஆக வெளிப்பக்கத்துக்கு இரண்டு ஷீட். ரம்பத்தின் கனத்துக்கு மூன்று நான்கு மில்லிமீட்டர் போகும் என்பதால், இடைவெளி கழித்துக் கதவைக் கொஞ்சம் குறைத்தே அளக்கச் சொல்லுங்கள். லாஃப்ட் தனிக் கணக்கு. மர ரேகையை எல்லாக் கதவிலும் மேலிருந்து கீழாக ஓட விடுங்கள். மிச்சத் துண்டைச் சேமிக்கிறேன் என்று ஒரு கதவுக்கு மட்டும் குறுக்கே ஒட்டினால் நிறமே வேறாகத் தெரியும். எல்லா ஷீட்டையும் ஒரே பேட்சில் ஒரே நாளில் வாங்குங்கள். வெளிப்பக்கம் 1 மி.மீ. ஒட்டிவிட்டு உள்பக்கம் பெயிண்ட் போதும் என்றால் பலகை வளையும். உள்ளேயும் மெல்லிய லைனர் மைக்கா வேண்டும். அது வெளிர் நிறமாக இருந்தால் உள்ளே கறுப்புத் துணியும் கண்ணுக்குப் படும்.

கறுப்பு, கரும்நீல மேட் மைக்கா ஷோரூம் விளக்கில் மயக்கும். எண்ணெய்க் கை பட்ட இடமெல்லாம் வெள்ளையாகத் தெரியும், தூசி அதைவிட. மதுரைத் தூசிக்கு நடுத்தர அடர்த்திதான் தோது.

பழைய இரும்பு பீரோ. அது சீர்வரிசையாக வந்திருக்கும், தூக்கிப் போட முடியாது, பச்சையிலோ பழுப்பிலோ நடு அறையில் நிற்கும். எமரி பேப்பர் தேய்த்து, மெட்டல் பிரைமர் ஒரு கோட், சுவர் நிறத்திலேயே எனாமல் இரண்டு கோட். பட்டறையில் கொடுத்து ஸ்பிரே அடித்தால் பிரஷ் கோடு தெரியாது. கைப்பிடியை மட்டும் பித்தளைக்கு மாற்றினால் புதுச் சாமான். வெள்ளை எனாமல் மட்டும் வேண்டாம். வெளிச்சம் குறைந்த அறையில் எண்ணெய் எனாமல் வெள்ளை மஞ்சளடித்துவிடும். மர வேலைக்கு வெள்ளை வேண்டுமென்றால் தண்ணீரில் கரையும் வகையில் கேளுங்கள்.

சமையலறை, பூஜையறை, மற்றவை

சமையலறையில் நிறத்தைத் தீர்மானிப்பது மஞ்சள்தூளும் தாளிப்பும். மேடை கறுப்புக் கிரானைட் என்றால் கீழ்க் கப்போர்டு நடுத்தர அடர்த்தி, மேல் கப்போர்டு வெளிர். தலைக்கு மேல் அடர் நிறம் வந்தால் சின்னச் சமையலறை அழுத்தும். மஞ்சள் கறை வழவழப்பான பரப்பில் உடனே துடைத்தால் போய்விடும், சொரசொரப்பான மேட் பரப்பில் துளைகளுக்குள் தங்கும். வெயில் படும் இடத்தில் மஞ்சள் கறை தானாகவே வெளிறும் என்பதால், கிழக்கு ஜன்னல் உள்ள சமையலறையில் வெளிர் கதவுக்குக் கொஞ்சம் துணிந்து போகலாம். அடுப்புக்குப் பின்னால் டைலின் இணைப்புக்கு வெள்ளை கிரவுட் போடாதீர்கள். முதல் சாம்பாரிலேயே பழுப்பாகும். சாம்பல் எப்பாக்ஸி கிரவுட் கொஞ்சம் விலை கூடினாலும் நிற்கும்.

பூஜையறையில் விளக்குக்கு மேலே உள்ள சுவரும் கூரையும் கரி பிடிக்கும். அந்தப் பகுதிக்கு மட்டுமாவது துடைக்கக்கூடிய சாட்டின் எமல்ஷன் (லேசான மினுமினுப்புள்ள, தண்ணீரில் கலக்கும் பெயிண்ட்) வேண்டும். சந்தனம், வெளிர் மஞ்சள், காவி எதுவும் பொருந்தும். குங்குமக் கை படும் நிலைக்கதவின் ஓரம் மரமாகவே இருந்தால் நிம்மதி. வாஸ்து பார்த்து இந்தத் திசைக்கு இந்த நிறம் என்று பெரியவர்கள் சொன்னால் சண்டை வேண்டாம். பச்சை என்றால் கிளிப்பச்சைதான் என்று யாரும் சொல்லவில்லை. அதிலேயே சாம்பல் கலந்த, வெளிர்ந்த வடிவத்தை எடுத்தால் இரு தரப்பும் திருப்தி.

படுக்கையறைக்குப் பளிச்சைக் குறையுங்கள், அவ்வளவுதான். கூரை பொதுவாக வெள்ளை. வெள்ளைக் கூரையில் காப்பிக் கலர் மின்விசிறி மாட்டுவது ஏன் என்று தெரியவில்லை, அறையில் முதலில் தெரிவதே அதுதான்.

தரைத்தளச் சுவரின் கீழ்ப்பகுதியில் உப்பு பூக்கும் வீடுகள் இங்கே நிறைய. அந்தச் சுவருக்கு அடர் நிறம் கொடுத்தால் வெள்ளைத் திட்டு ஒவ்வொன்றும் பறை சாற்றும். ஈரம் எங்கிருந்து ஏறுகிறது என்று பார்த்துச் சரி செய்யும் வரை அங்கே வெளிர் நிறமே இருக்கட்டும்.

சோதனைப் பலகை

ஷேட் கார்டின் இரண்டு அங்குலத் துண்டு பொய் சொல்லும். நான்கு சுவரிலும் ஏறியதும் நிறம் ஒன்றில் ஒன்று எதிரொலித்துப் பளிச்சு கூடும். கார்டில் பிடித்ததைவிட ஒரு படி மங்கலானதை எடுப்பது பாதுகாப்பு. அதையும் சோதித்தே எடுங்கள்:

1. இரண்டடிக்கு இரண்டடி ஹார்டுபோர்டு அல்லது பிளைவுட் துண்டு, ஒரு நிறத்துக்கு ஒன்று. மூன்று நிறத்துக்கு மேல் வேண்டாம், குழம்பும்.
2. வெள்ளைப் பிரைமர் ஒரு கோட், பிறகு நிறம் இரண்டு கோட், இடையில் நான்கு மணி நேரம். நிறத்தைச் சிறு டப்பாவாக வாங்குங்கள், நீங்கள் பூசப்போகும் அதே ரகத்தில். ஒரே ஷேட் நம்பர் வேறு ரகத்தில் வேறாகத் தெரியும்.
3. ஒரு நாள் முழுக்கக் காயட்டும். எமல்ஷன் ஈரத்தில் வெளிறித் தெரியும், காய்ந்தால் அடர்க்கும். சுண்ணாம்புப் பூச்சு இதற்கு நேர்மாறு.
4. பலகையைச் சுவரில் நிமிர்த்தி வையுங்கள், கீழே டைல் துண்டு, பக்கத்தில் பாலிஷ் போட்ட மரத்துண்டு, திரைச்சீலைத் துணி. படுக்க வைத்துப் பார்த்தால் வெளிச்சம் வேறு மாதிரி விழும்.
5. முன்பு குறித்த அதே நான்கு நேரத்திலும் பாருங்கள். நீங்கள் அந்த அறையில் அதிகம் இருக்கும் நேரத்தில் எது நன்றாக இருக்கிறதோ அதுதான் உங்கள் நிறம்.

பழைய நிறச் சுவரிலேயே திட்டுத்திட்டாக அடித்துப் பார்ப்பது வீண். பச்சைச் சுவரின் நடுவில் எந்தச் சாம்பலும் ரோஸாகத் தெரியும்.

கம்பெனிகள் ஒவ்வொரு நிறத்துக்கும் எல்.ஆர்.வி. என்று 0 முதல் 100 வரை ஓர் எண் கொடுப்பதுண்டு, எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பும் என்பதற்கு. நம் ஹாலுக்கு 50 முதல் 70 வரை தோதானது. நேர் வெயில் விழும் சுவரில் 80க்கு மேல் போனால் கண் கூசும். 20க்குக் கீழ் என்றால் ஒரு சுவரோடு நிறுத்துங்கள்.

அளவும் பூச்சும்

டப்பாவில் எழுதியிருக்கும் பரப்பளவு மழமழ சுவருக்கானது. கணக்குக்கு இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 60 சதுர அடி என்று வைத்துக்கொண்டால் குறைபடாது, நல்ல ரகத்தில் மிஞ்சும். மேலே சொன்ன ஹாலில் கதவு ஜன்னல் போகச் சுவர் சுமார் 426 சதுர அடி, ஏழு லிட்டர். அதில் 12 அடிச் சுவர் ஒன்றுக்கு மட்டும் அடர் நிறம் என்றால் அது 120 சதுர அடி. அடர் சிவப்பும் பளிச் மஞ்சளும் மறைப்புச் சக்தி குறைந்தவை, மூன்று கோட் கேட்கும், ஆக அதற்கு மட்டும் மூன்று லிட்டர். பிரைமரிலேயே கொஞ்சம் அந்தச் சாயலை ஏற்றினால் ஒரு கோட் மிச்சமாகும்.

புதுச் சிமெண்ட் பூச்சு குறைந்தது 28 நாள் ஆறிய பிறகே பெயிண்ட். அவசரப்பட்டால் சிமெண்டின் காரம் நிறத்தைத் தின்னும், திட்டுத்திட்டாக வெளிறும். வெள்ளை சிமெண்ட் பட்டி (சுவரைச் சமமாக்கப் பூசும் மாவு) என்றால் சுவரை லேசாக நனைத்து இரண்டு கோட், மொத்தக் கனம் ஒன்றரை மில்லிமீட்டருக்குள். எமரி தேய்த்து, தூசி துடைத்து, பிரைமர் ஒரு கோட், எமல்ஷன் இரண்டு கோட். தண்ணீர் டப்பாவில் சொன்ன அளவுதான். போர்வெல் தண்ணீர் உப்பாக இருந்தால் குடிதண்ணீரில் கலக்கச் சொல்லுங்கள். பெயிண்டர் தண்ணீர் கூட்டினால் மறைப்பு போய் ரோலர் பட்டை தெரியும்.

அடர் நிறத்தைப் பளபளப்பில் வாங்காதீர்கள். பக்கவாட்டில் விழும் ஜன்னல் வெளிச்சத்தில் பட்டியின் ஒவ்வொரு அலையும் தெரியும். மேட் மன்னிக்கும். மெஷினில் கலந்த டப்பாக்களில் டப்பாவுக்கு டப்பா மயிரிழை வித்தியாசம் இருக்கலாம். ஒரு அறைக்கான எல்லா டப்பாவையும் பெரிய வாளியில் ஒன்றாகக் கலந்து பிறகு ஆரம்பியுங்கள்.

பூசிய பிறகு நிறம் பொருந்தவில்லை என்றால்

உடனே மறுபடி அடிக்க ஓடாதீர்கள். முதலில் பல்பை மாற்றுங்கள், 6500ஐக் கழற்றி 4000 போட்டுப் பாருங்கள். அடுத்து திரைச்சீலை: சுவரோடு சண்டை போடுவது பெரும்பாலும் அதுதான். சுவர் பளிச்சென்று அடிக்கிறதா? அதே நிறத்தில் சாம்பல் சாய்ந்த பெரிய விரிப்பைத் தரையில் போட்டால் அடங்கும். அதற்கும் சரிவரவில்லை என்றால் ஜன்னலுக்கு எதிரே உள்ள ஒரு சுவரை மட்டும் மாற்றுங்கள். வெளிச்சம் அதில்தான் பட்டு அறை முழுக்கப் பரவுகிறது, செலவில் பாதிக்கும் கீழே முடியும்.

மிஞ்சிய பெயிண்டைக் காற்று புகாத சின்ன டப்பாவில் விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள். மூடியின் மேல் கம்பெனி, ரகம், ஷேட் நம்பர், தேதி, எந்த அறை என்று எழுதி ஒட்டுங்கள். ஆணி பிடுங்கிய ஓட்டைக்கும் சைக்கிள் உரசலுக்கும் முதல் வருடம் அது போதும். அதற்குப் பிறகு சுவரின் நிறம் கொஞ்சம் மாறியிருக்கும், திட்டாக அடித்தால் தெரியும். அப்போது மூலையிலிருந்து மூலை வரை அந்த ஒரு சுவரை முழுதாக ஒரு கோட் அடித்துவிடுங்கள்.